ஒரே வழியில் வந்த தாக்குதல்: ஐதராபாத் கால்பந்து வரலாற்றில் ஒரு பக்கம்



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டபோது, கோல்கொண்டாக் கோட்டையைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவன் எங்கள் எதிர்வீட்டுச் சிறுவன். வயது 13. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவ்வீட்டிலிருந்து எழுந்த கூக்குரலைக் கேட்டு, யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று அஞ்சி ஓடினேன். நேர்ந்தது வேறொன்றுமில்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடும் வீடியோ விளையாட்டில் அவன் தோற்றுக்கொண்டிருந்தான்.

எதிராளி கடல் கடந்து வாழும் அவன் அத்தை மகன். குகட்பள்ளியில் கடலுக்கு அப்பால் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இக்காலத்தில் எத்தனை? இவன் இங்கே காலையில் அமர்ந்து ஆட, அவன் டெக்சாசில் முந்திய நாள் இரவில் அமர்ந்து ஆடுகின்றான். ஆட்டமோ அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்து. நாம் அறிந்த கால்பந்தன்று அது. பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் பற்றிக்கொண்டு ஓடுவர். எதிரணியினர் அவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். ஏறத்தாழ நம் சடுகுடுவைப் பெருங்கூட்டமாக ஆடுவது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தாத்தா, அவன் ஒரே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடுகிறான். பந்தை ஒருவன் கையில் கொடுத்து ஓடச் சொல்கிறான். வேறொன்றும் செய்வதில்லை. அதைக்கூட என்னால் தடுக்க முடியவில்லை!” என்று அவன் கண் கலங்கக் கூறினான்.

நான் அவன் அருகில் அமர்ந்து சிறிது நேரம் கவனித்தேன். விதியை அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அந்நான்கிற்குள் பந்தைப் பத்து கஜ தூரம் முன்னே கொண்டு செல்ல வேண்டும். சென்றுவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் சூது விளங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மூன்று கஜம் ஓடினால் போதும். நான்கு முறையில் பன்னிரண்டு கஜம் ஆகிவிடும். டெக்சாசுச் சிறுவன் பெருவீரச் செயல் ஒன்றும் செய்யவில்லை. மூன்று மூன்று கஜமாக, கடன்காரனிடம் வட்டி வாங்குவது போல், தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தான்.

நம் சிறுவன் செய்த பிழையும் எனக்குப் புலனாயிற்று. நடுவில் ஓடினால் அடுத்த முறை தன் ஆட்களையெல்லாம் நடுவில் குவித்தான். அவன் ஓரத்தால் ஓடினான். உடனே இவன் ஓரத்தில் குவித்தான். அவன் நடுவால் ஓடினான். சென்ற முறை வந்த வழியைத்தான் ஒவ்வொரு முறையும் இவன் அடைத்தான். சினம் மிக மிக, பின்னால் நின்றவர்களையும் முன்னே அனுப்பினான். முன்வரிசையைத் தாண்டிவிட்டால் அப்பால் தடுக்க ஓர் ஆளும் இல்லை.

இத்துன்பம் இன்று தோன்றியதன்று. அமெரிக்காவிலேயே நூற்றாண்டிற்கு முன் இதனால் பெரும் பூசல் விளைந்தது. 1892ஆம் ஆண்டு நவம்பரில் ஹார்வர்டு, யேல் என்னும் இரு பல்கலைக்கழகங்கள் மோதின. லோரின் டெலண்டு என்பவர் ஹார்வர்டு அணிக்கு ஒரு சூழ்ச்சியை வகுத்துக் கொடுத்தார். அவர் சதுரங்கத்தில் வல்லவர். நெப்போலியனின் போர் முறைகளை விரும்பிக் கற்றவர். கால்பந்தை ஒரு நாளும் ஆடாதவர்! இரு கூட்டமாகப் பிரிந்து நின்ற ஆட்டக்காரர் விரைந்தோடி வந்து ஆப்பு வடிவில் ஒன்றுசேர, பந்தை உடையவன் அவ்வாப்பினுள் ஒளிந்து ஓடினான். பறக்கும் ஆப்பு என்று அதற்குப் பெயரிட்டனர். நம் பழைய போர் நூல்கள் கூறும் வியூகங்களை நினைவூட்டுவது அது. அன்றைய ஆட்டத்தில் வென்றது என்னவோ யேல்தான், 6-0 என்ற கணக்கில். ஆயினும் ஆப்பின் புகழ் பரவிற்று. எல்லாக் கல்லூரிகளும் அதனைக் கைக்கொண்டன. எலும்புகள் முறிந்தன. 1894இல் அம்முறையை விதியால் விலக்கினர். எனினும் கூட்டமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் மோதும் வழக்கம் ஒழியவில்லை. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் இளைஞர் பலர் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவிற்குச் செய்தி முற்றிற்று. 1906இல் விதிகளைத் திருத்தினர். பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற உரிமை அப்போதுதான் வந்தது. ஐந்து கஜத்திற்கு இருந்த கணக்கும் பத்து கஜமாக உயர்ந்தது. நான்காம் வாய்ப்பு சேர்ந்தது 1912இல்.

ஆக, ஒரே வழியில் வந்த தாக்குதலை அமெரிக்கர் சட்டத்தைத் திருத்தி அடக்கினர். சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் கையில் இல்லாதவன் என்ன செய்வது? அதற்கு விடை கண்டவர் ஒருவர் நம் நகரில் வாழ்ந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் கண்ட விடையைக் களத்தில் நிறைவேற்றிக் காட்டியவர்களுள் இருவர் செகந்தராபாத்தில் பிறந்த தமிழர். நம் சங்கத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் விசாரித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சிறுவன் உட்பட ஒருவருக்கும் தெரியவில்லை. ஆதலின் கோல்கொண்டாவை அடுத்த ஆண்டிற்கு ஒதுக்கி வைத்தேன்.

சையத் அப்துல் ரஹீம் 1909இல் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடி, பின் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1943 முதல் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். 1950 முதல் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்கள் கோலோச்சிய காலம் அது. ஒரு போலீஸ் அணி அவற்றையெல்லாம் பின்னே தள்ளிற்று என்றால் அதன் அருமையை நீங்களே எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் டில்லியில் நடந்த டூராண்ட் கோப்பையையும் அவ்வணி 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றிற்று.

ரஹீம் கற்பித்த முறைகள் வியப்பானவை. வலக்கால் ஆட்டக்காரர் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று விதித்துப் போட்டி நடத்துவார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிரியைத் தாண்டி ஓடக் கூடாது, வந்தவுடன் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று வேறொரு போட்டி நடத்துவார். ஆசிரியர் அல்லரோ? மாணவன் எப்பாடத்தில் நலிந்தவனோ அப்பாடத்திலேயே தேர்வு வைக்கும் குணம் அவரை விட்டுப் போகவில்லை.

அவர் கையில் வந்து சேர்ந்த தமிழர் இருவரைப் பற்றிக் கூறுமுன், தமிழர் செகந்தராபாத்திற்கு வந்த வரலாற்றையும் ஒரு சொல் கூற வேண்டும். 1806இல் அங்கே படைவீடு அமைந்தது. சென்னை மாகாணத்துப் படைகள் அதில் தங்கின. படையோடு சிப்பாய்கள் வந்தனர், சிப்பாய்களுக்குத் தானியமும் துணியும் விற்போர் வந்தனர், கணக்கர் வந்தனர், பின்னர் ரயில்வேப் பணியாளரும் வந்தனர். நாம் குகட்பள்ளிக்கு வந்தது நேற்று. அவர்கள் வந்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. படைவீடு இருக்குமிடத்தில் மைதானம் இருக்கும். மைதானம் இருக்குமிடத்தில் பந்து இருக்கும். வெள்ளைச் சிப்பாய்களின் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் தாமும் ஆடத் தொடங்கினர்.

பீட்டர் தங்கராஜ் 1935இல் பிறந்தார். செகந்தராபாத்துக் குழுக்களில் ஆடிவிட்டு, 1953இல் நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டு மையத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் அவர் ஆடிய இடம் எதுவென்று நினைக்கின்றீர்கள்? கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டு! பிறகே கோலைக் காக்கும் இடத்திற்கு மாறினார். கோல் அடிக்க வருபவன் எங்கே அடிப்பான் என்பதை அடித்துப் பழகியவனே நன்கறிவான் போலும். மதராஸ் ரெஜிமெண்டு அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1958இல் ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர் என்னும் பெயர் தங்கராஜுக்குக் கிட்டிற்று. நெடிய உருவம், நீண்ட கைகள். உயர வரும் பந்தை அவர் பறித்தெடுக்கும் காட்சியைக் கண்ட முதியோர் இன்றும் அதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

துளசிதாஸ் பலராம் 1936இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தார். வறிய குடும்பம். பூட்ஸ் வாங்கப் பணமில்லை. போலீசாரின் பழைய பூட்சுகளைக் கொண்டு தமக்கொரு ஜோடியைச் சக்கிலியர் ஒருவரிடம் இரண்டு ரூபாய்க்குச் செய்வித்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே கூறியதுண்டு. அவர் ஆடுவதைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு அழைத்தார். அம்முகுடாவிலிருந்து ஐதராபாத் மைதானத்திற்கு நாள்தோறும் எப்படி வருவது? வாடகைச் சைக்கிளுக்காக ரஹீம் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்து வந்தார். அந்த ஒரு ரூபாய் இந்தியக் கால்பந்திற்குச் செய்த நன்மையைக் கணக்கிட யாரால் முடியும்? ஐதராபாத் அணி 1956-57இல் சந்தோஷ் கோப்பையை வென்றபோது பலராம் அதில் இருந்தார். அதே 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கும் சென்றார்.

இனி ரஹீம் கண்ட விடைக்கு வருவோம்.

பழைய கால்பந்து முறையில் கோல் காப்பாளருக்கு முன்னால் இருவரே காவல் நிற்பர். அவர்க்கு முன் மூவர்; தாக்குதலில் ஐவர். எதிரணியின் ஓர ஆட்டக்காரன் கோட்டை ஒட்டியே ஓடி வருவான். காவலர் இருவருள் ஒருவர் அவனைத் தடுக்க ஓரத்திற்குச் செல்வார். நடுவே பெருவெளி திறந்துவிடும். ஓரத்தான் பந்தை அங்கே அனுப்புவான். நடுவில் வருபவன் கோலுக்குள் அடிப்பான். அடுத்த முறையும் அதே ஓட்டம், அதே வெளி, அதே கோல். 1925இல் ஆப்சைடு விதியைத் தளர்த்தியபோது இங்கிலாந்தில் இவ்வகைக் கோல்கள் பெருகின. ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்ற ஹாப் ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலராக்கினார். ஐரோப்பா அம்முறைக்கு மாறிற்று. நாமோ இரு காவலர் முறையையே பற்றிக்கொண்டிருந்தோம்.

அதற்கான விலையை 1952இல் ஹெல்சிங்கியில் கொடுத்தோம். யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று வீழ்த்திற்று. குளிர் நாட்டில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதுவே தோல்விக்குக் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்கால் ஒரு காரணமே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்து கோல்களையும் காலின் மேல் சுமத்துவது நீதியன்று. பின்னால் நின்றவர் எத்தனை பேர், எங்கே நின்றனர் என்பதையும் கேட்க வேண்டும். அந்த அணிக்குப் பயிற்சியாளராக உடன் சென்றிருந்த ரஹீம் அதைத்தான் கேட்டார்.

மறு ஆண்டு, 1953 நவம்பரில், ஹங்கேரி இங்கிலாந்தை அதன் வெம்பிளி மைதானத்திலேயே 6-3 என்று வென்றது. ஹங்கேரியின் சென்டர் பார்வர்டு ஹிடெக்குட்டி தம் இடத்தில் நில்லாது பின்னே வந்து நின்றார். அவரைக் காக்க வேண்டிய ஆங்கிலக் காவலர் அவரைத் தொடர்ந்து முன்னே செல்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று அறியாது திகைத்தார். தொடர்ந்தால் பின்னே வெளி. நின்றால் முன்னே வெளி. ஆளைப் பார்த்துக் காவல் நிற்பதா, இடத்தைப் பார்த்துக் காவல் நிற்பதா என்னும் வினாவை உலகமே கேட்கத் தொடங்கிய நாள் அது. ரஹீம் இப்புதுமைகளையெல்லாம் கூர்ந்து கற்றார். காவலில் மூவரை நிறுத்தினார். முன்னணியில் ஒருவரைப் பின்னிழுத்தார்.

1956இல் மெல்போர்னில் நாம் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிர்ப்பட்டது யார்? அதே யுகோஸ்லாவியா! இம்முறை முதல் கோல் நம்முடையது. பின்னர் அவர்கள் நான்கு அடித்து வென்றனர். தோல்விதான், ஆயினும் 10-1 எங்கே, 4-1 எங்கே? ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றோம். 1960இல் ரோமாபுரியில் பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் 2-1 என்றே தோற்றோம். நம் கோலை அடித்தவர் பலராம். கோலைக் காத்தவர் தங்கராஜ். பிரான்சுடன் 1-1 என்று சமநிலை. பெருவிடம் 3-1 என்று தோல்வி. அங்கும் நம் கோல் பலராமுடையது.

இவற்றையெல்லாம் விரைந்து கூறிச் செல்வது, 1962 ஜகார்த்தாவில் சற்று நிற்க வேண்டும் என்பதற்காகவே.

ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா நம்மை 2-0 என்று வீழ்த்திற்று. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றோம். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று. அவர் யார்? நம் காவலின் நடுத்தூண். ஆசியாவிலேயே அவரை ஒத்த காவலர் அரியர். அரையிறுதியில் தென்வியட்நாம், இறுதியில் மீண்டும் அதே தென்கொரியா. ஒரு முறை நம்மை இரு கோல்களால் வென்ற அணி, அதே வலிமையுடன், அதே ஆட்டத்துடன் வரப் போகின்றது.

இங்கே ரஹீம் செய்ததைச் சாதாரணப் பயிற்சியாளர் எவரும் செய்யத் துணியார். இரண்டு கோல் வாங்கியவன் இயல்பாக என்ன செய்வான்? இன்னும் இருவரைக் காவலுக்கு அனுப்புவான். எங்கள் எதிர்வீட்டுச் சிறுவன் அதைத்தான் செய்தான். ரஹீமோ தம் தலைசிறந்த காவலரைக் காவலிலிருந்து எடுத்து, தாக்குதலின் நடுவில் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்! ஜர்னைல் சிங் கல்லூரி நாளில் முன்னணியில் ஆடியவர் என்பதை அணியினர் அறிந்திருந்தனர். அவர் விட்டுச் சென்ற நடுக்காவலை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். அரையிறுதியில் இவ்வமைப்பு பலித்தது. ஜர்னைல் சிங் ஒரு கோலும் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் அடிக்க, 3-2 என்று வென்றோம். இறுதி ஆட்டத்திற்கு அதே அமைப்பு. முந்திய ஆட்டத்தில் பிரத்யுத் பர்மன் கோல் காத்திருந்தார். இறுதி ஆட்டத்திற்கு நெடியவரான தங்கராஜ் வந்து நின்றார்.

இதன் உட்பொருளை என் சிற்றறிவிற்கு எட்டியவாறு கூறுகின்றேன். ஒரு வழியில் வந்து பழகியவன், எதிரே முன்பு கண்டவர்களே முன்பு கண்ட இடங்களில் நிற்பர் என்று நம்பி வருகின்றான். அவனுடைய வலிமையில் பாதி அந்நம்பிக்கை. கொரியக் காவலர் சுனி கோஸ்வாமியையும், பி. கே. பானர்ஜியையும், பலராமையும் அறிந்திருந்தனர். தலைக்கட்டுடன் தம் நடுவில் வந்து நிற்கும் இந்தப் பஞ்சாபியரை என்ன செய்வது என்பதை அவர்கள் முதல் ஆட்டத்தில் கற்றிருக்கவில்லை. அவரைப் பார்க்க ஓர் ஆளேனும் பின்னே தங்கியாக வேண்டும். பின்னே தங்கியவன் முன்னே வர மாட்டான்.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவின் செனயான் மைதானம். ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள். அவர்களுள் நமக்கு ஆதரவாக ஒலித்த குரல் அரிது. இஸ்ரேலையும் தைவானையும் அவ்விளையாட்டில் சேர்க்காததைக் குறித்து நம் நாட்டு விளையாட்டுத் தலைவர் ஒருவர் கூறிய கருத்து, இந்தோனேசியரின் சினத்தைக் கிளறியிருந்தது. நம்மவர் களமிறங்கியபோது ஏச்சொலி வானைப் பிளந்தது. அக்கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்பதைக் கேட்கும்போது இன்றும் உள்ளம் நெகிழ்கின்றது. நோயுற்றிருந்த ரஹீம், ஆட்டத்திற்கு முந்திய இரவில் தம் ஆட்டக்காரரிடம் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு கேட்டார் என்று கூறுவர்.

17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி கோல் அடித்தார். 20ஆம் நிமிடத்தில் அடுத்த கோல். அடித்தவர் ஜர்னைல் சிங்! அதன்பின் ஒரு மணி நேரத்திற்கு மேல் நம்மவர்க்குக் காவலே வேலை. கொரியர் மீண்டும் மீண்டும் வந்தனர். சந்திரசேகர் ஒரு புறம், திரிலோக் சிங் மறுபுறம், நடுவில் அருண் கோஷ், அவர்க்குப் பின்னே செகந்தராபாத்துத் தங்கராஜ். கொரியர்க்குக் கிட்டியது ஒரே கோல். அதுவும் 85ஆம் நிமிடத்தில். 2-1. தங்கம் நமதாயிற்று. அன்று களத்தில் நின்ற பதினொருவருள் இருவர் செகந்தராபாத்துத் தமிழர், யூசுப் கானும் ஐதராபாத்தின் பிள்ளை, பயிற்சியாளரும் ஐதராபாத்தினர். அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிட்டவில்லை.

ரஹீமை வாட்டிய நோய் நுரையீரல் புற்று. ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஓராண்டு நிறையுமுன், 1963 ஜூன் 11இல் அவர் மறைந்தார். பலராம் 1962இல் அர்ஜுனா விருது பெற்றார். நோயால் இளமையிலேயே ஆட்டத்தை விட நேர்ந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் நெடுங்காலம் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16இல் காலமானார். தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களிலும் ஆடி, 1967இல் அர்ஜுனா விருது பெற்று, 2008இல் பொக்காரோவில் மறைந்தார். ரஹீமின் வரலாற்றை ஒட்டி 2024இல் இந்தித் திரைப்படம் ஒன்று வந்தது. அதைப் பார்த்தவர்களேனும் அவர் பெயரை இனி மறவார் என்று நம்புகின்றேன். தமிழர் இருவரின் பெயரையும் நம் வீடுகளில் நாம்தான் சொல்ல வேண்டும்.

இக்கதையைச் சிறுவனுக்குச் சொல்லி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. மூன்றாம் மாலை அவன், “அம்முகுடா எங்கே இருக்கிறது, தாத்தா?” என்று கேட்டான். அடுத்த வார இறுதியில் அவனையும் அவன் தந்தையையும் அழைத்துக்கொண்டு, பாலாநகர், போயின்பள்ளி, திருமலகிரி வழியாகச் சென்றேன். அவன் காரின் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டே வந்தான். “இவ்வளவு தூரமும் வாடகைச் சைக்கிளிலா மைதானத்திற்குப் போனார்?” என்று கேட்டான். மைதானம் வேறு திசையில் இருக்கிறது என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை.

அன்று மாலை அவனோடு அமர்ந்து டெக்சாசுக்காரனின் ஓட்டங்களை மீண்டும் பார்த்தோம். “பந்து வைத்திருப்பவனைப் பாராதே, அவனுக்கு வழி திறப்பவர்கள் எப்பக்கம் அடியெடுத்து வைக்கிறார்கள் என்று பார். இரு ஓரங்களிலும் ஒவ்வொருவன் அசையாமல் நிற்கட்டும். முன்னே நிற்பவர்களுள் ஒருவனைப் பின்னுக்கு இழுத்து, அவனை எவரும் தொடாதபடி நடுவே நிறுத்து. ஓடுபவன் ஒரு கஜம் இரண்டு கஜம் போனால் போகட்டும்; மூன்றாவது கஜத்தை மட்டும் கொடாதே” என்றேன். கணினி விளையாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கணக்கு தெரியும், ரஹீமின் கதை தெரியும். அவ்வளவே.

மறு ஞாயிறு காலை அவனே வந்து கதவைத் தட்டினான். மூன்று முறை தொடர்ந்து ஓட்டத்தை நிறுத்திவிட்டானாம். டெக்சாசுச் சிறுவன் தொலைபேசியில் வியந்து கேட்டானாம். நான்காம் முறை அவன் ஓடவில்லை. பந்தை நெடுந்தூரம் எறிந்துவிட்டான். பின்னால் காவலுக்கு நிற்க வேண்டியவனை நம்மவன் ஆவலில் முன்னே அழைத்துவிட்டிருந்தான். ஆட்டம் போயிற்று. ஆனால் சென்ற வாரம் தோற்றது 42 புள்ளி வேறுபாட்டில். இவ்வாரம் 6 புள்ளியில்.

“இது நம் மெல்போர்ன், தாத்தா. அடுத்தது ஜகார்த்தா” என்று கூறிவிட்டு, காலை உணவுக்கு அவன் தாய் அழைத்த குரல் கேட்டு ஓடிவிட்டான்.